பழைய வாட்ச் ஏன் இன்னும் ஓடுகிறது?

பழைய சாவி வாட்சைத் துல்லியத்துக்காகப் புகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உழைப்புக்காகப் புகழ்கிறவர்களோடு முழு உடன்பாடு. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பி, "அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்தப் பொருட்களிடம் நிஜமாகவே என்ன நல்லது இருந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் ஆதங்கம் இது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் துல்லியம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. நல்ல நிலையில் உள்ள பழைய சாவி வாட்ச் அதில் பத்து, இருபது விநாடி முன்னே பின்னே ஓடும். சுவிட்சர்லாந்தில் மிகத் துல்லியமான வாட்சுகளுக்குக் குரோனோமீட்டர் என்ற சான்றிதழ் கொடுக்கும் அமைப்பே சாவி வாட்சுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பிந்துவது முதல் 6 விநாடி முந்துவது வரை அனுமதிக்கிறது. சாதாரண பேட்டரி வாட்ச் மாதம் முழுவதற்கும் சேர்த்தே 15 விநாடி போலத்தான் பிசகும். அதனுள் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகத் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. 1969 டிசம்பரில் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்ததோடு இந்தப் போட்டி முடிந்துவிட்டது. சாவி வாட்ச் தோற்றது. இதை ஒப்புக்கொள்வதில் தயக்கமே வேண்டாம்.

ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. தினமும் சரியாக 8 விநாடி முந்துகிற வாட்ச் நல்ல வாட்ச். இன்று 3 விநாடி முந்தி, நாளை 10 விநாடி பிந்துகிற வாட்ச் மோசமான வாட்ச். முதலாவதன் பிழை நமக்குத் தெரியும், கழித்துக்கொள்ளலாம், ரிப்பேர்காரர் சரிசெய்தும் தருவார். இரண்டாவதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இங்கிலாந்துக் கடிகாரக் கைவினைஞர் ஜான் ஹாரிசனின் கடல் கடிகாரம் 1761-ல் கப்பலேறி ஜமைக்கா போய்ச் சேர்ந்தபோது பிழை சுமார் 5 விநாடிதான் என்று எல்லோரும் வியந்து சொல்வார்கள். அந்த 5 விநாடி, தினமும் இவ்வளவு பிந்தும் என்று முன்பே அளந்து வைத்திருந்த கணக்கைக் கழித்த பிறகு மிஞ்சியது. தள்ளாடும் கப்பலில், கடல் காற்றில், வாரக்கணக்காக அது ஒரே மாதிரி பிந்தியது. எனக்கு அதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது. அமெரிக்க ரயில்வேயில் ஓட்டுநர்கள் வைத்திருந்த பாக்கெட் வாட்சுகள் வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது என்று விதி இருந்தது. எதிரெதிரே வரும் ரயில்கள் அந்த வாட்சை நம்பித்தான் ஒரே தண்டவாளத்தில் ஓடின. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை. சுருண்ட ஒரு வில்லும் சில பற்சக்கரங்களும்தான்.

பின்மூடியைத் திறந்து ஒரு தடவை பாருங்கள். பேலன்ஸ் வீல் என்ற சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்றுகொண்டே இருக்கும். பழைய வாட்சுகளில் பலவும் மணிக்கு 18,000 தடவை அடிக்கும், அதாவது விநாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 15 கோடியே 77 லட்சம். இத்தனை அடியையும் தாங்குவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமன்கூட இல்லாத அதன் அச்சின் இரண்டு எஃகு முனைகள். அவை சுழல்வது செயற்கை மாணிக்கக் கல்லில் போட்ட துளைக்குள். டயலில் '17 ஜூவல்ஸ்' என்று எழுதியிருப்பது இந்தக் கற்களைத்தான், அலங்காரத்துக்கு வைத்த கல் அல்ல. பேலன்ஸ் வீலுக்கு மேலே ஒரு சின்ன நெம்பு தெரியும். அதன் இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும். அதை ஒரு பக்கம் மயிரிழை நகர்த்தினால் வாட்ச் வேகமாகும், மறுபக்கம் தள்ளினால் மெதுவாகும். செய்தவர்களே "இது பிசகும், பிசகினால் இங்கே தொட்டுச் சரிசெய்துகொள்" என்று ஒரு கைப்பிடி வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இந்த வாட்ச் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அந்த நெம்புதான் காரணம்.

பழைய வாட்ச் கெட்டுப்போகாததால் நீடிக்கவில்லை. அது கெட்டுப்போகும். எண்ணெய் காய்ந்துவிடும். காய்ந்த எண்ணெயும் உலோகத் தூளும் சேர்ந்தால் உப்புக்காகிதம் போல அந்த முனைகளை அரைக்கும். வெளியே பார்த்தால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். "ஓடுதே, அப்புறம் எதுக்கு சர்வீஸ்?" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஸ்பீக்கர், பையின் காந்தப் பூட்டு மாதிரி எதையாவது ஒட்டி வைத்தால் பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய சுருள் வில்லான ஹேர் ஸ்பிரிங் காந்தமேறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாட்ச் கண்டபடி முந்த ஆரம்பிக்கும். காந்தத்தை எடுக்கும் கருவியில் வைத்தால் சில நொடியில் சரி. இப்படி ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு வழி இருக்கிறது. எல்லாமே ஸ்க்ரூவில் நிற்பதால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம், கழுவலாம், எண்ணெய் வைத்துத் திரும்ப மாட்டலாம். எழுபது வருட வாட்ச் இன்றும் ஓடுகிறது என்றால், நடுவில் யாரோ சில பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பழைய தையல் மிஷினும் இதே ரகம். இரும்பு உடம்பில் அங்கங்கே சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், ஒவ்வொன்றும் எண்ணெய் விட வேண்டிய இடம். அவற்றைப் பார்த்தே எது எதோடு உரசுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பல பழைய மிஷின்களில் போடும் ஊசி, இன்றைய வீட்டு மிஷின்களில் போடும் அதே ஊசிதான். அந்த அளவை யாரும் மாற்றாமல் விட்டதால் எத்தனை மிஷின்கள் பிழைத்துக் கிடக்கின்றன! ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பல சமயம் கெபாசிட்டரை மாற்றினாலே போதும். மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் ரப்பர் கப்ளர், மோட்டாரைக் காப்பாற்றத் தான் முதலில் உடைந்துபோகும். இதெல்லாம் நல்ல வடிவமைப்பு, இன்றைக்கும் செய்யக்கூடியதுதான்.

பழசு எல்லாம் நல்லது என்று மட்டும் சொல்லமாட்டேன். அந்தக் காலத்திலும் மலிவுச் சரக்கு இருந்தது. மாணிக்கக் கல்லுக்குப் பதில் இரும்பு ஊசிகளை வைத்துச் செய்த வாட்சுகள் ஏராளமாக விற்றன, சீக்கிரம் தேய்ந்தன, குப்பைக்குப் போயின. அவை இன்று நம் கண்ணில் படுவதில்லை. மிஞ்சியவற்றை மட்டும் பார்த்துவிட்டு எல்லாமே அப்படித்தான் இருந்தன என்று நினைத்துக்கொள்கிறோம். கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் பல்பைப் பலரும் பகிர்கிறார்கள். அது எவ்வளவு மங்கலாக எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1924-ல் பெரிய பல்பு கம்பெனிகள் கூடிப் பேசி ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்ததும் உண்மைதான், அது அநியாயம்தான். பழைய ஃபிரிட்ஜ் முப்பது வருடம் ஓடும், மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே ஓடும். இருட்டில் ஒளிரும் பழைய டயல்களில் கதிரியக்கம் உள்ள ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி மங்கிவிட்டாலும் ரேடியம் போகாது, அது பாதியாகக் குறையவே 1,600 வருடம் ஆகும். அந்த மாதிரி வாட்சை வீட்டில் உட்கார்ந்து திறக்காதீர்கள்.

என் கோபமெல்லாம் திறக்கவே முடியாதபடி பசை போட்டு ஒட்டி விற்கும் புதுப் பொருட்கள் மேல். காதில் மாட்டும் வயர்லெஸ் கருவியில் பேட்டரி சோர்ந்தால் முழுசாகத் தூக்கிப்போட வேண்டியதுதான். மற்ற எல்லாம் நன்றாக இருக்கும், ஒரே ஒரு பாகம் போயிருக்கும். என் வீட்டில் ஒரு அடுப்பங்கரைச் சாதனத்தில் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்று கொண்டுபோனபோது, "போர்டையே மாத்தணும், அது இப்ப வர்றதில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிரான்சில் 2021 முதல் சில பொருட்களை எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் போட்டு ஒட்டித்தான் விற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதி, 2027 பிப்ரவரி முதல் பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் வாங்கியவரே பேட்டரியைக் கழற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. எல்லா நாட்டிலும் இது வர வேண்டும். அதுவரை வாங்கும்போது எத்தனை வருட வாரண்டி என்பதோடு, எத்தனை வருடம் உதிரிபாகம் கிடைக்கும், ஸ்க்ரூவா பசையா என்றும் நாமே கேட்க வேண்டும்.

சரி, மேஜை டிராயரில் பழைய சாவி வாட்ச் கிடந்தால் எடுத்ததும் சாவி கொடுத்துத் தினமும் கட்ட ஆரம்பிக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். முதலில் சர்வீஸ். தண்ணீரில் நனைக்க வேண்டாம், பழைய வாஷர் தாங்காது. பிறகு தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். ஒரு வாரம், அதே நேரத்தில் போன் காட்டும் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை விநாடி முந்தியது, பிந்தியது, இரவில் அதைப் படுக்க வைத்தீர்களா செங்குத்தாக நிற்க வைத்தீர்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு போனால், நெம்பை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று முடிவுசெய்ய ரிப்பேர்காரருக்கு வசதியாக இருக்கும்.