ஆயி இல்லாத ஆயி மண்டபம்

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதும், பார்த்துவிட்டேன். பாரதி பூங்காவின் நடுவே நின்று, வெள்ளை மண்டபத்தைக் காட்டி, "பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொடுத்த தண்ணீர்ப் பரிசு" என்கிறார் அந்தத் தம்பி. தூண் வருகிறது, வளைவு வருகிறது, மூன்றாம் நெப்போலியன் வருகிறார். ஆயி மட்டும் வரவில்லை. மண்டபத்தின் பெயரிலேயே இருப்பவளைத் தாண்டிப் போவதற்கும் ஒரு திறமை வேண்டும்தான்.

அது ஆயியின் தண்ணீர். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, ஒளி வீசிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார். தாசி வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னார். நானே இடிக்கிறேன் என்று கேட்டு வாங்கி இடித்து, அங்கே குளம் வெட்டினாள் ஆயி. ஆள் தெரியாமல் கும்பிட்டது அரசர். வீடு போனது அவளுக்கு.

"இது வெறும் கதை, ஆதாரம் எங்கே?" என்று வருவீர்கள். தெரியும். ராயர் இறந்தது 1529இல். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் ஊன்றியது 1674இல். நடுவில் நடந்ததற்கெல்லாம் என்னிடம் ரசீது இல்லை. ஆனால் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரம் தாகத்தில் தவித்தபோது, லமைரெஸ் என்ற பொறியாளர், ஆயி குளம் வெட்டிய முத்திரையர்பாளையத்திலிருந்துதானே தண்ணீர் கொண்டுவந்தார்? மண்டபத்துக்கு ஏன் அந்தப் பொறியாளர் பெயரோ பேரரசர் பெயரோ நிற்கவில்லை? வெள்ளைக்காரனே விட்டுக்கொடுத்த பெயரை நாம் விழுங்குகிறோம்.

லமைரெஸின் உழைப்பைக் குறைக்கவில்லை. அவரைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். (எழுத மாட்டேன்.)

என் ஆயா தெருக்குழாயில் குடம் பிடித்து வளர்த்த குடும்பம் எங்களுடையது. குழாயை மூடாமல் ஓடினால் முதுகில் ஒன்று விழும். "ஒருத்தி வீட்டை இடித்துக் கொடுத்த தண்ணீரடி இது" என்பாள். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு ஆயியைச் சொல்லித்தரவில்லை. முதுகில் விழுந்த அடிதான் சொல்லித்தந்தது.

இதையெல்லாம் அந்தக் காணொளியின் கீழே பணிவாகத்தான் எழுதினேன். ஒருவர் கேட்டார்: "ஒரு தாசிக்கு இவ்வளவு வக்காலத்தா?" நாற்பது பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அதில் மூன்று பேர் என் உறவினர்கள். பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார்கள், சொம்பில் தண்ணீரும் கொடுப்பேன்.

ராயருக்கும் இந்த நாற்பது பேருக்கும் என்ன வித்தியாசம்? அவராவது முதலில் ஒருமுறை கும்பிட்டார்.

சரி, புதுச்சேரி அரசாங்க முத்திரையில் இருக்கிற மண்டபம் எதுவென்று எடுத்துப் பாருங்கள். அந்த முத்திரை குத்திய சான்றிதழைப் பத்திரமாக அலமாரியில் வைத்துக்கொண்டுதான் அவளைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

காணொளித் தம்பியிடம், "அவள் பெயரையாவது சேர்த்துவிடப்பா" என்று தனியாகவும் கேட்டுவிட்டேன். இதயக் குறி ஒன்று போட்டிருக்கிறார். காணொளி அப்படியேதான் இருக்கிறது.