வெட்டுப்புள்ளி மீத்திறனின் அளவுகோல் அல்ல

‘ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைக்கு மீத்திறன் (சராசரியை மிஞ்சிய திறமை) இல்லை, தாண்டிய பிள்ளைக்கு வேறு துணை தேவையில்லை’ என்று மட்டக்களப்புப் பெற்றோரிடையே வட்ஸ்அப்பில் பரவும் செய்தி, இரு பாதியிலும் தவறானது. வசதி குறைந்தோருக்கு உதவிப்பணம் வழங்கவும் பிரபல பாடசாலைகளுக்கு மாணவரைத் தெரிவு செய்யவுமே அப்பரீட்சை நடத்தப்படுகிறது; அதன் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் (மாவட்ட எல்லையான வெருகல் ஆற்றைக் கடந்தால் மூளை மாறிவிடுமா?). 1921 இல் கலிபோர்னியாவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் தொடங்கிய மீத்திறன் ஆய்வுக்கு, நுண்ணறிவுச் சோதனையில் தெரிவாகாத வில்லியம் ஷொக்லி, 1956 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வெட்டுப்புள்ளியைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் மீத்திறனுள்ள பிள்ளைக்குத் துணை தேவைப்படலாம். கணக்கை முதலில் முடித்துவிட்டு மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருக்கும் பிள்ளை, வாவியின் முகத்துவாரம் ஏன் மூடுகிறது என்று விடாமல் கேட்கும் பிள்ளை ஆகியோரின் பெற்றோர், அவதானித்தவற்றைக் குறித்துவைத்து, முதலில் வகுப்பாசிரியரிடமும் பின்னர் வலயக் கல்வி அலுவலகத்திலும் அத்துணை பற்றிப் பேசலாம்.