பழைய கணக்கு நோட்டில் பதினேழு பெயர்கள்

கருகின மோட்டாருக்குக் காயில் கட்டும் என் கடைக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கியபோது பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. கம்பி எத்தனை கிலோ எடுத்தேன், யார் மோட்டார் என்றைக்கு வந்தது, யார் பாக்கி வைத்தார்கள் என்று எழுதி வைத்தது. பாக்கி வைத்தவர்களை விட்டுவிடுவோம், அது தனிப் பதிவு. கடைசிப் பக்கங்களில் என்னிடம் வேலை பழக வந்த பையன்களின் பெயர்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், 17. அதில் தனியாக ஒரு மோட்டாருக்குக் காயில் கட்டும் அளவுக்குத் தேறியவர்கள் 6 பேர்.

கொழிஞ்சாம்பாறையில் கடை போட்டு 21 வருஷம் ஆகிறது. பாலக்காடு என்றாலே பச்சை வயல் என்று நினைப்பவர்கள் எங்கள் கிழக்குப் பக்கம் ஒருமுறை வர வேண்டும். மழை மறைவுப் பூமி, தென்னைக்கும் போர்வெல் தண்ணீர்தான். மாசி, பங்குனி வந்துவிட்டால் மோட்டார் கருகாத நாளே கிடையாது. வேலை குவிந்து கிடக்கிறது. செய்யத் தெரிந்த கை இல்லை.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை" என்று டீக்கடையில் நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நோட்டில் தேதி பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. விட்டுப் போன 11 பேரில் 8 பேர் முதல் மூன்று மாதத்துக்குள் போயிருக்கிறார்கள்.

அந்த மூன்று மாதம் கடையில் ஒரு பையன் என்ன செய்வான்? கருகின காயிலை வெட்டி இழுப்பான், காயில் உட்காரும் பள்ளமான காடியைச் சுரண்டுவான், பேப்பர் வெட்டித் தருவான், டீ வாங்கி வருவான். அவ்வளவுதான். வேலையின் ருசியே அதற்குப் பிறகுதான் வரும். சப்மெர்சிபிள், அதாவது போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டாரில், சுற்றாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டரில் காடி மூடியிருக்கும், மேலிருந்து கம்பியை உள்ளே வைக்க முடியாது. ஊசியில் நூல் கோப்பதுபோல ஒவ்வொரு சுற்றாக உள்ளே விட்டு அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். வயரின் பிவிசி தோல் ஒரே ஒரு இடத்தில் உரசியிருந்தாலும் போச்சு. தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, மின்கசிவு பார்க்கும் மெக்கர் மீட்டரைப் பிடித்தால் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அது விரலுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது ஆறாவது மாதம் ஆகியிருக்கும். பையன் மூன்றாவது மாதமே தேங்காய் லோடு ஏற்றப் போயிருப்பான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு பையனின் அம்மா கடை வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க தம்பி, அவன் பழகி முடிக்கறதுக்குள்ள நாங்க வட்டி கட்டி முடிக்கோணுமுங்க." அன்றைக்கு நான் வாரம் 500 கொடுத்தேன். லோடு ஏற்றினால் இரண்டே நாளில் அது கைக்கு வந்துவிடும்.

சரி, அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 2019 திருத்தத்தில் பத்தாம் வகுப்பு தேறியவருக்கு முதல் வருஷம் மாதம் 6,000 ரூபாய் என்று வைத்தார்கள், இரண்டாம் வருஷம் அதில் பத்து சதவீதம் கூடும். 2016-இல் வந்த ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும். எல்லாம் நல்லதுதான். ஆனால் விருப்பப்பட்டுச் சேர்வதற்கே கடையில் 4 பேராவது வேண்டும். என் கடையில் நானும் இரண்டு பேரும். தெருக்கோடி லேத்துக்காரருக்கு அவரும் அவர் மச்சானும். இந்தப் பக்கத்துப் பையன்கள் தொழில் பழகுவது இப்படிப்பட்ட கடைகளில்தான், சட்டத்தின் கண்ணுக்கு இவை கடையே இல்லை. எட்டு வருஷம் என்னிடம் இருந்தவன் வெளியூரில் கம்பெனி வேலைக்குப் போனபோது காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் ஹெல்ப்பராகத்தான் சேர்ந்தான்.

ஐடிஐ-யில் சேர்க்கலாமே என்பீர்கள். எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும், இரண்டு வருஷம். பத்து தேறியவனுக்கும் எங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மலையாளத்தில் நடக்கும் வகுப்பில் போய் உட்காருகிறான். நம் புத்தகத்தில் மின்தடை, அங்கே பிரதிரோதம். இரண்டும் ஒரே ஓம் கணக்குதான் என்று முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்வதற்கு ஆள் இல்லாததால் கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போய்விடுகிறான்.

நானும் ஒன்பதாவதோடு நின்றவன்தான். பொள்ளாச்சியில் ஒரு கடையில் தொழில் பழகினேன். 39 வயதில் பத்தாம் வகுப்பு எழுதினேன். கேரளத்தில் எழுத்தறிவு மிஷன் நடத்தும் துல்யதா வகுப்பு, பள்ளிப் பத்தாம் வகுப்புக்குச் சமமானது. நாங்களும் துல்யதா என்றேதான் சொல்வோம். ஏழாவது தேறி 17 வயது நிறைந்தவர்கள் சேரலாம், தமிழிலும் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தொழிலுறுதி வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகும் அக்கா, மருமகளுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்தார். மருமகள் கேலி செய்வாளாம்.

கணக்கு எனக்கு ஏறவே இல்லை. இரண்டு ஞாயிறு போகவில்லை. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை பிரேரக் கடைக்கே வந்துவிட்டார். பிரேரக் என்றால் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் இந்த வகுப்புகளுக்கு ஆள் சேர்த்து நடத்துபவர். அவருக்கு வருவது சம்பளம் என்று சொல்லக் கூச்சப்படும் தொகை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, "என்ன அண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் நாலு காரணம் சொல்லியிருப்பேன். அடுத்த ஞாயிறு போய் உட்கார்ந்தேன். முதல் தடவை கணக்கில் போய்விட்டது. அடுத்த முறை கணக்கு மட்டும் எழுதித் தேறினேன்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அறிவித்தவர் எழுத்தறிவு வகுப்பில் படித்த சேலக்கோடன் ஆயிஷா. 2018-இல் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியபோது நாம் எல்லோரும் அந்தப் படத்தைப் பகிர்ந்தோம், நானும்தான். 22 வயதில் மூன்றாவது வாரத்தோடு நின்றுபோனவன் படத்தை யார் பகிர்வார்கள்? அவன் கணக்கே யாரிடமும் இருக்காது. சேர்ந்தவர் எண்ணிக்கை போஸ்டரில் வரும், நின்றவர் எண்ணிக்கை என்னுடையதைப் போன்ற அழுக்கு நோட்டில்தான் கிடக்கும்.

அதனால் புதுத் திட்டம், புதுச் செயலி, புதுக் கட்டடம் என்று எது வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பையன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்குப் போவது யார்? அதற்கு ஒரு ஆளைப் போட்டு, உருப்படியான சம்பளமும் கொடுங்கள். ஜெர்மனியில் வாரம் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை என்று பழகுநர் முறை நடக்கிறது. உலகமே மெச்சுகிறது. அங்கேயே நான்கில் ஒரு ஒப்பந்தத்துக்கு மேல் பாதியில் முறிகிறது. ஆனால் முறித்தவர்களில் நிறையப் பேர் வேறு பட்டறையில் சேர்ந்து தொடர்கிறார்கள், இரண்டு பக்கமும் பேச ஆலோசகர்கள் தொழில் சபைகளில் இருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு கடையை விட்டால் படித்த ஆறு மாதமும் காற்றோடு போச்சு.

பணமும் முன்னால் கனமாக வர வேண்டும். இரண்டாம் வருஷம் பத்து சதவீதம் கூட்டித் தருவதில் என்ன பிரயோஜனம்? அதற்குள் அவன் லோடு லாரியில் இருப்பான். முதல் மூன்று மாதம் கூட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகு குறைத்தாலும் பரவாயில்லை, அப்போது கடைக்காரரே கொடுப்பார். நான் கொடுப்பேன், ஏனென்றால் ஏழாவது மாதம் அவன் எனக்குச் சம்பாதித்துத் தருகிறான். என்னைப் போல ஏழெட்டுக் கடைகளைச் சேர்த்து ஒரே இடமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் சட்டத்துக்குள்ளும் வந்துவிடலாம்.

நோட்டில் ஒன்பதாவது பெயர்க்காரன் போன மாதம் கடைக்கு வந்தான். இப்போது 29 வயது, கையில் குழந்தை. லோடு வேலையில் இடுப்பு போய்விட்டதாம். "மறுபடி வரலாமுங்களாண்ணா?" என்று கேட்டான். பிரேரக் நம்பரையும் கொடுத்தேன், பத்தாவது எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது, சீசனில் ஞாயிறுதான் கடையில் கூட்டம். என்ன செய்வது என்று யோசித்துவிட்டு, ஞாயிறு கடை மத்தியானத்துக்கு மேல்தான் என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். நேற்று ஒருவர் கருகின மோட்டாரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு அந்த போர்டைப் பார்த்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்.