காலி இடத்தை எதற்கய்யா காப்பி எடுக்கிறீர்கள்?

“சார், அது தானாகவே ஹீல் ஆகிடும். நீங்க போய்த் தூங்குங்க.”

இந்த வாக்கியத்தை இனி யாராவது என்னிடம் சொன்னால் சண்டைக்குப் போவேன். போன வாரம் ராத்திரி மூன்றரை மணிக்கு, நூறு சதவீதம் நிரம்பிய டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு சர்வர் ரூமில் நின்றவன் நான். அதைச் சொன்னவர் வீட்டுக்குப் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

எங்களிடம் மூன்று சர்வர்கள். மூன்றிலும் ஒரே தரவின் பிரதி, அதாவது ரெப்ளிகா மூன்று. மேலே ஓடுவது பதினான்கு வி.எம்.கள், அதாவது மென்பொருளாலான கம்ப்யூட்டர்கள். அடியில் இருப்பது க்ளஸ்டர்எஃப்எஸ் (ஜி எழுத்தில் தொடங்குகிற க்ளஸ்டர்), பல சர்வர்களின் டிஸ்க்கை ஒரே சேமிப்பகமாக்கும் மென்பொருள். ஒவ்வொரு வி.எம்.முக்கும் 500 ஜி.பி. டிஸ்க் என்று கணக்கு, அந்த டிஸ்க் எங்கள் சர்வரில் ஒரு பெரிய ஃபைல். ஆனால் யாரும் அவ்வளவு நிரப்புவதில்லை. பதினான்கும் சேர்ந்து உண்மையில் பிடித்திருந்த இடம் 1.3 டி.பி.தான். அதனால்தான் ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் 4 டி.பி. எங்களுக்குத் தாராளமாகப் போதுமாக இருந்தது.

இதுதான் ஸ்பார்ஸ் ஃபைல். ஃபைலின் அளவைச் சொல்லும் எல்.எஸ். கம்மாண்டு போட்டுப் பார்த்தால் 500 ஜி.பி. காட்டும், டிஸ்க்கில் பிடித்த இடத்தைச் சொல்லும் டி.யு. போட்டால் 90 ஜி.பி. காட்டும். இரண்டும் பொய் இல்லை. எழுதாத இடத்துக்கு டிஸ்க்கில் பிளாக்கே ஒதுக்கப்படவில்லை. அங்கே ஓட்டைதான் இருக்கிறது. அந்த ஓட்டையைப் படித்தால் ஃபைல் சிஸ்டம் பூஜ்யங்களைத் தரும். எல்லா வில்லங்கமும் இங்கேதான். ஓட்டையும் பூஜ்யமாகத்தான் தெரியும், நிஜமாகவே எழுதி வைத்த பூஜ்யமும் பூஜ்யமாகத்தான் தெரியும். சாதாரணமாகப் படிக்கிற எந்த ப்ரோகிராமுக்கும் வித்தியாசம் புரியாது.

ஒரு சர்வரில் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு போய்விட்டது. புதுக் கார்டு மாட்டி, அந்த பிரிக்கை (ஒரு சர்வரில் பிரதி இருக்கும் இடத்துக்கு அதுதான் பெயர்) காலியாக உருவாக்கியாயிற்று. மற்ற இரண்டு பிரதிகளிலிருந்து செல்ஃப்-ஹீல், அதாவது பின்தங்கிய பிரதியைத் தானாகச் சரிசெய்யும் வேலை, அதை நிரப்ப வேண்டும். அப்படியே விட்டிருந்தால் மெதுவாகவேனும் முடிந்திருக்கும். காலியான இடத்தில் புதிதாக எழுதும்போது, பிளாக் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் அதை எழுதாமல் தாண்டிப் போகும் அறிவு அதற்கு உண்டு. வந்த சப்போர்ட் எஞ்சினியருக்குப் பொறுமை இல்லை. நல்ல பிரிக்கிலிருந்து புது பிரிக்குக்கு நேராக ஆர்சிங்க் என்ற காப்பி கம்மாண்டை ஓட்டினார். பர்மிஷன் வர ஒரு எழுத்து, ஹார்டு லிங்க்குக்கு ஒரு எழுத்து, எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டுக்கு ஒரு எழுத்து என்று எல்லாம் போட்டார். போடாதது பெரிய எஸ் ஒன்றுதான். ஓட்டையை ஓட்டையாகவே கொண்டுபோ என்று சொல்கிற எழுத்து அது!

ஐந்நூறு பக்க நோட்டில் தொண்ணூறு பக்கம் எழுதியிருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால், மிச்சம் நானூற்றுப் பத்து வெள்ளைப் பக்கத்துக்கும் காப்பி போட்டுக் காசு கேட்பது போலத்தான் இது. ஏழு ஃபைல் முழுசாக இறங்கியது. எட்டாவது ஃபைலின் நடுவில் 4 டி.பி. தீர்ந்துவிட்டது. அவர் காப்பியை நிறுத்திவிட்டு, பிரிக்கைத் தொடங்கிவிட்டு, மேலே சொன்ன வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மிச்ச ஃபைல்களை எங்கே ஹீல் செய்வது? ஒவ்வொரு முயற்சிக்கும் டிஸ்க்கில் இடமில்லை என்ற பதில்தான். நிலுவைப் பட்டியல் குறையவே இல்லை. அந்த ஃபைல்களுக்கு உயிரோடு இருந்தவை இரண்டு பிரதிகள் மட்டும். அதில் ஒன்று கண்ணை மூடியிருந்தால் குவோரம் (எழுதுவதற்குத் தேவையான பெரும்பான்மை) போய், எழுதுவது நின்று, அந்த வி.எம்.கள் முடங்கியிருக்கும். அந்த வி.எம்.களில் ஒன்று ஒரு மருத்துவமனையின் பில்லிங் சர்வர். காலையில் ஏழு மணிக்கு அங்கே கவுன்டரில் வரிசை நிற்கும். இதை நினைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

எனக்கு இன்னும் ஆத்திரம் தருவது வேறொன்று. முழுசாக இறங்கிவிட்ட அந்த ஏழு ஃபைல்களைப் பற்றி, நிலுவையைக் காட்டும் ஹீல் இன்ஃபோ கம்மாண்டு என்ன சொன்னது தெரியுமா? வேறுபட்ட பிளாக்குகளைச் சரிசெய்து முடித்ததும் நிலுவை பூஜ்யம், எல்லாம் நலம். அதன் பார்வையில் அது சரிதான். செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டு ஒப்பிட்டால் அங்கே ஓட்டை, இங்கே எழுதிய பூஜ்யம், இரண்டும் ஒரே விடை. 90 ஜி.பி. ஃபைல் ஒரு பிரதியில் மட்டும் 500 ஜி.பி.யாக வீங்கிக் கிடக்கிறது. அது நோய் என்றே கணக்கில் இல்லை. பதினான்குக்குப் பதில் இரண்டு வி.எம். மட்டும் இருந்திருந்தால் இந்த வீக்கத்தை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வெடித்திருக்கும்.

மறுநாள் இதைச் சொன்னபோது ஒருவர், “அப்ப எல்லா இடத்துலயும் பூஜ்யத்தை எழுதாம விட்டுடலாமே” என்றார். ஐயா, அது இதைவிடப் பெரிய ஆபத்து. தயவுசெய்து கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எழுதாமல் தாண்டுவது இலக்கு புத்தம் புதுசாக இருந்தால் மட்டுமே சரி. ஒரு பிரிக் இரண்டு மணி நேரம் படுத்திருந்து திரும்பி வருகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் வி.எம். ஒரு பழைய பிளாக்கின் மேல் பூஜ்யம் எழுதியிருக்கிறது. வி.எம்.மை ஓட்டும் க்யூ.இ.எம்.யு.வில் டிடெக்ட்-ஜீரோஸ் அன்மேப் என்று வைத்திருந்தால் அது நல்ல பிரதிகளில் ஓட்டையாகவே மாறியிருக்கும். திரும்பி வந்த பிரதியிலோ பழைய தரவு அப்படியே இருக்கிறது. “பூஜ்யம்தானே” என்று தாண்டினால் அழித்த தரவு அங்கே உயிரோடு இருக்கும். ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து படித்தால் வி.எம்.மின் ஃபைல் சிஸ்டம் குழம்பிவிடும். பழைய பிரதியில் பூஜ்யத்தை எழுதியாக வேண்டும், அல்லது ஓட்டை போட்டாக வேண்டும். புதுப் பிரதியில் எழுதவே கூடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் சேமிப்பகத்தில் கை வைக்காதீர்கள்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது! லினக்ஸ் 3.1 கெர்னலில், 2011-லேயே, சீக்-ஹோல், சீக்-டேட்டா இரண்டும் வந்துவிட்டன. அடுத்த ஓட்டை எங்கே, அடுத்த தரவு எங்கே என்று கெர்னலிடமே கேட்கலாம். அப்படி இருந்தும் ஹீல், ஃபைலை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை துண்டு துண்டாக நடந்தே கடக்கிறது. ஒரு ஃபைலில் 410 ஜி.பி. வெறுமையைப் படிக்க ப்ராசஸரும் நேரமும் செலவாகின்றன.

ஷார்டிங்கை முதலிலேயே போட்டிருந்தால் பாதி வலி குறைந்திருக்கும். க்ளஸ்டர்எஃப்எஸ் 3.7 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது. பெரிய ஃபைலை 64 எம்.பி. துண்டுகளாக வைக்கும். எழுதாத பகுதிக்குத் துண்டே உருவாகாது, மாறிய துண்டை மட்டும் ஹீல் செய்தால் போதும். எங்கள் வால்யூமை, அதாவது மூன்று பிரிக்கும் சேர்ந்த சேமிப்பகத்தை, அமைத்தவர்கள் அதைத் தொடவே இல்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வால்யூமில் போட்டாலும் பழைய ஃபைல்கள் துண்டாகாது. போட்டபிறகு அணைக்கவும் கூடாது, அணைத்தால் தரவு கெடும்.

சரி, அன்றைக்கு என்ன செய்தேன்? புது சர்வரின் பிரிக் ப்ராசஸை நிறுத்தினேன். பாதியில் நின்ற எட்டாவது ஃபைலின் தற்காலிகக் காப்பியை அழித்தேன். வீங்கிய ஏழின் மேலும் ஃபால்-அலொகேட் கம்மாண்டின் டிக்-ஹோல்ஸை ஒவ்வொன்றாக ஓட்டினேன். அது ஃபைல் முழுவதையும் படித்து, பூஜ்யமாக இருக்கும் இடங்களில் மறுபடி ஓட்டை போடும். மதியம் இரண்டு மணிக்கு அந்த பிரிக்கில் பிடித்திருந்த இடம் 700 ஜி.பி.க்குக் கீழே இறங்கியது. அப்புறம்தான் பிரிக்கைத் தொடங்கி, மிச்ச ஏழு ஃபைலையும் ஹீல் செய்யவிட்டேன். பில்லிங் சர்வர் நிற்கவில்லை. இரண்டு பழைய டிஸ்க்குகள் தாங்கின, அவ்வளவுதான்.

இப்போது மூன்று சர்வரிலும் ஒவ்வொரு வி.எம். ஃபைலுக்கும் டி.யு. எண்ணை எடுத்து, பிரதிகளுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மெயில் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். அதை எழுத நாற்பது நிமிடம் ஆனது. இத்தனை வருடமாக யாரும் எழுதவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது சர்வருக்கும் ரெய்டு கார்டு மாற்ற வருகிறார்கள். கீபோர்டில் நான்தான் உட்காருவேன், வேறு யாரும் காப்பி கம்மாண்டு அடிக்கக் கூடாது என்று மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன்.