மச்சான் கடை என்றால் சொல்லிவிட்டு விற்கட்டும்

என் கணவருடைய மாத்திரையைத் தன் சொந்தக் கடையிலேயே வாங்க வைக்கிறது எங்கள் காப்பீட்டு நிறுவனம் என்று நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவைப் படித்துவிட்டு இவருடைய உடம்பைப் பற்றி விசாரித்த எல்லாருக்கும் நன்றி. கருத்துப் பகுதியில் ஓர் அண்ணன், "அமெரிக்காவில் இதெல்லாம் சகஜம்மா, காப்பீடு எடுக்கும்போதே படித்துப் பார்த்திருக்கலாமே" என்று எழுதியிருந்தார். ராத்திரி முழுக்க அதுதான் மனதில் ஓடியது.

எதைப் படித்திருக்க வேண்டும் அண்ணா? இவர் ஆபீஸ் வழியாக எங்களிடம் கொடுத்த காப்பீட்டுப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். காப்பீட்டு நிறுவனம், அதற்காக மருந்துக்கு விலை பேசும் பிபிஎம் என்ற இடைத்தரகு நிறுவனம், தபாலில் மாத்திரை அனுப்பும் கடை மூன்றுக்கும் முதலாளி ஒருவரே என்று அதில் ஒரு வரி இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இவர் தினமும் இமாட்டினிப் சாப்பிடுகிறார். அதை அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். ஆண்டுத் தொடக்கத்தில், டிடக்டிபிள், அதாவது காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாங்களே கட்ட வேண்டிய தொகை, முடியும்வரை எங்கள் கைக்காசு. பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் காப்பீடே இல்லாமல் விலை கேட்டேன். அந்தத் தபால் கடை விலையைவிடக் குறைவு! காப்பீட்டு நிறுவனத்திடம் போனில் கேட்டால், "அது தனி நிறுவனம் மேடம்" என்கிறார்கள்.

எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே 2024-இல் இரண்டு புற்றுநோய் மருந்துகளை எடுத்துப் பார்த்தது. மூன்று பெரிய பிபிஎம்களின் சொந்தக் கடைகளுக்கு, மருந்தின் கொள்முதல் விலைக்கு மேல், மூன்று வருடத்துக்குள் கிட்டத்தட்ட 160 கோடி டாலர் போயிருந்தது. இரண்டில் ஒன்று இமாட்டினிப்.

இங்கே 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் காப்பீட்டில் பிரீமியம் 100 டாலர் என்றால் 85 டாலராவது மருத்துவத்துக்குப் போக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனம் தன் சொந்தக் கடைக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் அது மருத்துவச் செலவு என்றுதான் கணக்கில் ஏறும். லாபம் கடையில் போய் உட்காரும். இந்தக் கை கொடுத்து அந்தக் கை வாங்குகிறது. இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கிறதே என்பீர்கள். தங்களுக்குள் வாங்கி விற்றது அதில் மொத்தத் தொகையாக வந்து கழிந்துவிடும். இவருடைய மாத்திரைக்கு யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் எங்கே தேடுவது? ஒரே குடைக்குள் இருந்தால் செலவு குறையும் என்றும் சொல்வார்கள். குறையட்டும், சந்தோஷம். குறைந்திருந்தால் மறைப்பானேன்?

அப்பா தஞ்சாவூர் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். ஒரு வருடம் தலைவருடைய மச்சானிடம் சாக்கு வாங்கினார்கள். வாங்கக்கூடாது என்று அப்பா சொல்லவில்லை. "உறவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள், கூட்டத்தில் வாசியுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அதற்காக இரண்டு வருடம் அவரிடம் யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. வெறும் சாக்கு. இங்கே உயிர் காக்கும் மாத்திரைக்கு அந்த ஒரு வரியை எழுத மாட்டேன் என்கிறார்கள்.

டாலருக்கு ஆசைப்பட்டுப் போனால் அனுபவிக்கத்தான் வேண்டும் என்று எழுதிய தம்பிக்கு: உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த மாத்திரை தேவைப்படாமல் இருக்கட்டும். ஒரு நாளும் தவறக்கூடாத மாத்திரை அது. பார்சல் தாமதமாகும் வாரங்களில் நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை இவர் ஆபீஸ் எச்.ஆருக்கு எழுதுகிறேன். இந்தக் கடை யாருடையது, ஒரு மாத மாத்திரைக்கு அதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விதான். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.