பிறந்த பிள்ளைக்குப் பழைய சேலையை விரியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விழுந்த ஒரு வார்த்தை இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என் தங்கச்சி மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தங்கச்சிக்குத் திருப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை, பெரியம்மா வீடும் அம்மா வீடுதானே என்று நானே போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர், வாசலில் நின்றால் யானைமலை தெரியும். பையன் பிறந்து இன்றோடு 33 நாள். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே நான் பிள்ளைக்கு விரிப்புத் தைக்க உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அம்மா கட்டிய இரண்டு நூல் சேலைகள் பெட்டியில் இருந்தன. ஒன்று அரக்கு நிறச் சுங்குடி, இன்னொன்று பச்சையில் கட்டம் போட்டது. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, அந்தச் சேலைகளை யாருக்கும் கொடுக்க மனசு வராமல் வைத்திருந்தேன். இரண்டிலுமாகச் சேர்த்து நாலு விரிப்புத் தேறியது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். பெரிய பை நிறையத் துணிமணி, அதோடு தலைக்கு மாட்டுகிற தொப்பியும் சேர்ந்தே இருக்கிற தடிமனான போர்வை ஒன்று, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. சம்பந்தியம்மா பிள்ளையைக் கையில் வாங்கிக் கொஞ்சினார், அப்புறம் பாயில் விரித்திருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏன் மதினி, பச்சப் பிள்ளைய இப்படிக் கந்தல்லயா போடுறது? நாங்க என்ன வக்கத்தவங்களா, ஒரு மெத்தை வாங்கித் தர மாட்டமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களோடு வாதாடக் கூடாது, அதுவும் பெண் கொடுத்த இடம். சாப்பாடு போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பேரன் மேல் உள்ள ஆசையில் சொன்னதுதான். இருந்தாலும் அவர் சொன்னது தப்பு. இப்போது பிள்ளை பிறக்கிற முக்கால்வாசி வீட்டில் இதே பேச்சுத்தான் நடக்கிறது என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இது மதுரை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால்கூடச் சூடு தெரியும். பெரியவர்களே முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த ஊரில் ஒரு மாதப் பிள்ளையைப் பாலியெஸ்டர் போர்வையில் சுற்றி வைத்தால் அது என்ன செய்யும்? பெரியவர்களைப் போல உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ள அந்த வயசில் முடியாது. வியர்வை போக வழியில்லாமல் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வேர்க்குரு கிளம்பும், ராத்திரி முழுக்க அழும், கடைசியில் பால் பத்தவில்லை என்று பெற்றவள் மேல் பழியைப் போடுவார்கள். இதை என் கண்ணால் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். பிள்ளை முகத்துக்குப் பக்கத்தில் தளர்வான போர்வையோ தலையணையோ வைக்காதீர்கள், மூச்சு முட்டும் என்று குழந்தை டாக்டர்களும் சொல்கிறார்கள். நான் தைப்பது போர்த்துவதற்கே இல்லை, பாய் மேல் இழுத்து விரிப்பதற்கு. பஞ்சு வைப்பதில்லை, மூன்று அடுக்குச் சேலைத்துணி, அவ்வளவுதான்.

கடையில் "சாஃப்ட் காட்டன்" என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். ஓரத்தில் ஒரே ஒரு நூலை உருவி, பிள்ளை இல்லாத இடத்தில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் என்றால் சுருண்டு உருகிக் கடுகு மாதிரிக் கறுப்பு உருண்டையாக நிற்கும், ஆறிய பிறகு நகத்தால் நசுக்கினாலும் நசுங்காது. சம்பந்தி வீட்டார் கிளம்பிப் போன பிறகு அந்தப் போர்வையின் உள் தையலில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்திப் பார்த்தேன். கடுகுதான் நின்றது. அதை மடித்து பீரோவில் மேல் தட்டில் வைத்துவிட்டேன், மார்கழிப் பனிக்குப் பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும், அப்போது மடியில் வைத்துக்கொள்ளும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடக் கூடாது, பழசுதான் போட வேண்டும் என்று நம் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் சொன்னது காசில்லாததால் இல்லை. வசதியான வீட்டிலும் அதுதான் வழக்கம். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், ஒட்டாமல் உதிர்கிற சாயம் இருக்கும், விறைப்பாக இருக்கும். பத்து வருஷம் துவைத்த நூல் சேலையில் இது எதுவுமே மிச்சம் இருக்காது. அந்த மெதுவைப் புதுத்துணியில் எந்த மில்லும் கொண்டுவர முடியாது, அது துவைத்துத் துவைத்து வருவது.

இன்னொன்று. கந்தல், கந்தை என்பதை நாம் ஏச்சாக வைத்துக்கொண்டோம். வங்காளத்தில் பழைய சேலையை அடுக்கித் தைப்பதற்குப் பெயர் காந்தா, நம் கந்தைக்கு உறவுள்ள சொல்தான். அது பெரிய பெரிய கடைகளில் கலைப்பொருள் என்று தொங்குகிறது. கர்நாடகத்தில் கவுதி என்கிறார்கள், அதற்கும் மரியாதை இருக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்ன ஊரில் மட்டும் அதே வேலை வக்கற்றவர்கள் செய்வது என்றால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் நான் விரிப்புத் தைத்துக் கொடுக்கிறேன், அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சேலை வந்ததும் வெந்நீரில் ஊறவைத்து அலசி நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுவேன். அப்புறம் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். சேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நைவதில்லை. உட்காருகிற இடம் முதலில் நையும், கொசுவத்தின் கீழே கால் படுகிற கரை நையும், முந்தானை கடைசி வரை திடமாக நிற்கும். அம்மாவின் பச்சைச் சேலையைப் பிடித்துப் பார்த்தபோது இடது இடுப்புப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு இழை இழையாகத் தேய்ந்து அந்தப் பக்கத்துத் தென்னை மரம் தெரிந்தது. அம்மா தண்ணீர்க் குடம் வைக்கிற இடுப்பு அது. எங்கள் தெருவுக்குக் குழாய் வருகிற வரை தினம் எட்டு நடை கிணற்றுக்குப் போய்வருவார். அந்தத் துண்டைத் தூக்கிப்போட எனக்குக் கை வரவில்லை, நடு அடுக்கில் வைத்துத் தைத்துவிட்டேன். பிள்ளை இப்போது அதன் மேல்தான் படுத்திருக்கிறான்.

ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டரை அடிக்கு மூன்றடி அளவில் இரண்டு விரிப்பு வரும், கிழிசல் அதிகம் என்றால் ஒன்றுதான். மிச்சக் கீற்றுகள் ஓரத்துக்கு ஆகும். நாலு மூலையையும் இழுத்துப் பிடித்து முதலில் பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொண்டு, பிறகு ஒரு விரற்கடைக்கு ஒரு வரிசையாகக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். என்னிடம் உஷா மெஷின் இருக்கிறது, கல்யாணச் சீரில் வந்தது, ஆனால் நைந்த துணி மூன்றடுக்கை மெஷினில் விட்டால் அடியில் இருக்கிற பல் இழுத்துச் சுருக்கிவிடும், அதனால் ஓரம் மட்டும்தான் மெஷின். பருத்தி நூல்தான் போடுவேன், வழுவழுப்பான நூல் பழைய துணியை அறுக்கும். முடிச்சு வெளியே தெரியக் கூடாது, அடுக்குக்குள்ளே போய்விட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை முதுகில் உறுத்தும். குத்தி வைத்த ஊசிகளை எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் திரும்ப வைப்பேன், அதில் ஒன்று குறைந்தால் சோற்றுப் பானை அடுப்பில் குழைந்தாலும் சரி, கிடைக்கிற வரை எழுந்திருக்க மாட்டேன்.

சுங்குடிச் சேலையை வெட்டும்போது மட்டும் மனசு ஒருமாதிரி ஆகும். அம்மாவுடையது கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பழைய சுங்குடி, ஒவ்வொரு புள்ளியிலும் விரலை வைத்தால் முடிச்சுக் கட்டியிருந்த இடத்தில் லேசான சுருக்கம் தட்டுப்படும், எந்த இரண்டு புள்ளியும் ஒரே அளவு இருக்காது. மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்றைக்குக் கடைகளில் சுங்குடி என்று அடுக்கியிருப்பதில் பெரும்பாலும் அச்சுப் போட்டதுதான். அச்சானாலும் துணி பருத்தி என்றால் எனக்குச் சம்மதம், பிள்ளைக்கு அது போதும். உங்கள் பாட்டி பெட்டியில் கைமுடிச்சுச் சுங்குடி இருந்தால் தயவுசெய்து பாத்திரக்காரரிடம் போடாதீர்கள்.

பாத்திரக்காரர் கதை பெரிய கதை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு நல்ல நூல் சேலையைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் அண்டா வாங்கினார்கள். அதே வீட்டு மருமகளுக்கு மூன்றாம் மாதம் கடையில் பிளாஸ்டிக் அடிவைத்த பிள்ளை விரிப்பு வாங்கி வந்தார்கள். கேட்டால் இதுதான் சுத்தம் என்கிறார்கள். எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. சேலை விரிப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசலாம், வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஒரு நாளைக்கு நாலு முறை மாற்றலாம். இதைவிட என்ன சுத்தம் வேண்டும்?

இந்த ஊசி வேலைக்கென்று தனியாக நேரம் கிடைக்கிறது என்று நினைக்காதீர்கள். காலையில் ஐந்தரைக்குப் பஞ்சாரத்தைத் தூக்கினால் பதினோரு கோழி, இரண்டு சேவல், குருணையும் கம்பும் போட்டு, தண்ணீர் வைத்து, அப்புறம் அடுப்பு. பிள்ளை பெற்றவளுக்குத் தனிச் சமையல். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு, முருங்கைக்கீரை, மீன்காரம்மா கொண்டுவந்தால் பால்சுறாப் புட்டு, வாரத்தில் ஒரு நாள் விடைக்கோழியாகப் பார்த்து மிளகு தட்டிப் போட்டுச் சாறு. பூண்டு உரித்த கையோடு துணியைத் தொட முடியாது, கடலைமாவு போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன், அப்படியும் ஒரு விரிப்பில் மஞ்சள் கறை விழுந்துவிட்டது. மத்தியானம் வெயில் ஏறிய பிறகு தாயும் பிள்ளையும் தூங்குகிற இரண்டு மணி நேரம்தான் எனக்கு. ஒரு சின்ன விரிப்புக்கு ஊசி வேலை மட்டும் எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும், வீட்டு வேலைக்கு நடுவில் அது ஒரு வாரம்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் சேலையை நீங்களே கொண்டுவந்தாலும் விரிப்புக்கு 600 ரூபாய் வாங்குகிறேன். பழைய துணிதானே, 150க்குத் தைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். துணிக்கு நான் காசு கேட்கவில்லை, மணிக்கணக்கைப் பாருங்கள். காசு கொடுக்க முடியாதவர்கள் வந்தால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், அதற்கு ஒன்றும் வேண்டாம். ஓட்டுத்தையல் தெரியாத பெண் இந்த ஊரில் யார்? பையன்களும் கற்றுக்கொள்ளலாம், என் மகன் பன்னிரண்டு வயசில் அவன் தலையணை உறையை அவனே தைத்தான்.

தங்கச்சி மகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பவள். நேற்று அவளே மூன்றாம் மாதம் புருஷன் வீட்டுக்குப் போகும்போது நாலு விரிப்பையும் கொண்டுபோகிறேன் பெரியம்மா என்றாள். பிள்ளை மற்றதில் படுக்க மாட்டேன் என்கிறானாம். இன்னும் இரண்டு தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவள் அப்பத்தாவிடமும் ஒரு பழைய சேலை கேட்டு வாங்கி வரச் சொன்னேன், அந்த வீட்டுச் சேலையும் பிள்ளைக்குக் கீழே இருக்கட்டும். சம்பந்தியம்மாவிடமும் அடுத்த முறை வரும்போது நானே கேட்கப்போகிறேன்.

தைக்கத் துணி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலையைத் துவைத்து, ஃபாலைப் பிரித்து, மறந்துபோன ஊக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டுவாருங்கள். ஜரிகை வேண்டாம், பிள்ளைக்கு உறுத்தும். அடுத்த வாரம் வரை புது வேலை எடுக்க முடியாது. செவலைக்கோழி என் வெட்டுத்துணிக் கூடையில் ஏறி அடை உட்கார்ந்துவிட்டது. ராத்திரியில் தூக்கி மணல் போட்ட சட்டியில் வைத்தும் விடிவதற்குள் திரும்பக் கூடைக்கே வந்துவிட்டது. வெயில் காலம் என்பதால் ஒன்பது முட்டைதான் விட்டிருக்கிறேன், அடியில் மணலும் இடிக்கு ஒரு இரும்புத் துண்டும் போட்டாயிற்று. இன்றைக்குப் பதினேழாவது நாள். இருபத்தொன்று ஆகிக் குஞ்சுகளோடு அது இறங்கிப் போனால்தான் எனக்கு ஓரத்துக்குக் கீற்றுத் துணி கிடைக்கும்.