வங்கதேசத்தில் ஆசிரியைகள் பெருகியது எப்படி?
"சம்பளம் குறைவு, ஆண்கள் ஒதுங்கிவிட்டார்கள், அதனால்தான் வங்கதேசத் தொடக்கப்பள்ளிகளில் பெண்களே அதிகம்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். சம்பளம் குறைவுதான், சரி. ஆனால் முக்கியக் காரணம் அதுவல்ல. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஆசிரியைகள் ஐந்தில் ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். அப்புறம்தான் அரசுப் பள்ளி உதவி ஆசிரியர் நியமனத்தில் 60 சதவீதம் பெண்களுக்கு என்று விதி வந்தது. கல்வித் தகுதியிலும் தளர்வு இருந்தது. ஆண்களுக்குப் பட்டம் கேட்ட காலத்திலும் பெண்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பே போதும். 2019 விதிகள்தான் இருவருக்கும் பட்டம் வேண்டும் என்றன. 2025இல் இந்த ஒதுக்கீடு நீக்கப்படும்வரை, 100 காலியிடம் வந்தால் பொதுவாகப் பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 20தான். மீதி 20 ஆசிரியர்களின் குடும்பத்தினருக்குப் போனது. இதில் ஆண்கள் எங்கே ஒதுங்கினார்கள்? இடமே அவ்வளவுதான் இருந்தது.